பாலைவன வீட்டில் கணப்புத் தரை: முதல் போடலாமா?

பாலைவனம் என்றதும் நமக்கு வெயிலும் மணலும்தான் நினைவுக்கு வரும். அங்கே வீட்டைச் சூடாக்கப் பணம் செலவழிப்பதா என்று வணிகப் பெருமக்கள் சிரிக்கலாம். நானும் சிரித்தேன், என் மாப்பிள்ளை மூன்று விலைப்புள்ளிகளை அனுப்பி, "மாமா, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்கும்வரை. கட்டுமானச் செலவில் ஒரு பங்கு என் சேமிப்பிலிருந்து போவதால் பார்க்கத்தான் வேண்டியிருந்தது.

மகளும் மாப்பிள்ளையும் அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் சாண்டா ஃபே நகரில் வீடு கட்டுகிறார்கள். வறண்ட பூமி, ஆனால் சுமார் 7,000 அடி உயரம், ஏறக்குறைய நம் உதகை மாதிரி. காற்றில் ஈரமும் மேகமும் குறைவாக இருப்பதால், பகலில் வாங்கிய சூட்டை நிலம் பொழுது சாய்ந்ததும் வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஜனவரி இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழே பல டிகிரி இறங்கும். மறுநாள் காலையிலோ வெயில் பளீரென்று அடிக்கும்.

இதற்கு அங்கே விற்கும் சரக்குதான் கணப்புத் தரை. கான்கிரீட் தளத்துக்குள் பிளாஸ்டிக் குழாய்களைப் பதித்து 35 முதல் 45 டிகிரி வரை சூடான நீரை ஓட விடுகிறார்கள். தரையின் வெப்பம் உடம்பில் நேராகப் படுவதால் அறைக் காற்று ஓரிரு டிகிரி குறைவாக இருந்தாலும் குளிர் தெரியாது. நீருக்குப் பதில் மின்கம்பி பதிப்பதும் உண்டு. அதன் கொள்முதல் விலை மலிவு. ஆனால் 1 யூனிட் மின்சாரத்துக்கு 1 யூனிட் வெப்பம்தான் கிடைக்கும். வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்துத் தரும் 'ஹீட் பம்ப்' இயந்திரமோ, நீர் மிதமான சூட்டில் இருந்தால் சுமார் 3 யூனிட் தரும். கடுங்குளிர் இரவில் சற்றுக் குறையும். மலிவாகக் கிடைத்ததே என்று பழைய குளிர்பதனப் பெட்டியை வாங்கிக் கடையில் வைத்து, மாதாமாதம் மின் கட்டணம் அழுதவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. குளியலறை அளவுக்கு மின்கம்பி போதும். வீடு முழுவதற்கும் கூடாது.

இதே யோசனையை அரிசோனாவின் ஃபீனிக்ஸில் யாராவது சொன்னால் ஒரு காசும் தரமாட்டேன். அதுவும் பாலைவனம்தான். ஆனால் ஜூலையில் 40 டிகிரியைத் தாண்டும் அவ்வூரில் ஏர்கண்டிஷனர் இல்லாமல் குடியிருக்க முடியாது. அதே இயந்திரத்தை ஹீட் பம்ப் வகையாக வாங்கினால் மிதமான குளிர்காலத்தையும் அதுவே கவனித்துக்கொள்ளும். தனியாகக் கணப்புத் தரை போட்டால் முதல் முடங்கிக் கிடக்கும். சாண்டா ஃபேயில் கோடையை ஏர் கூலரிலும், இரவில் ஜன்னலைத் திறந்து வைத்தும் பலர் சமாளித்துவிடுகிறார்கள். குளிரோ மாதக்கணக்கில் நிற்கிறது. எனவே அங்கே கணப்புக்கு முதல் போடுவதில் நியாயம் உண்டு.

விற்பவர்கள் சொல்லாதது ஒன்று: கான்கிரீட் தளம் மெதுவாகச் சூடேறி மெதுவாகவே ஆறும். விடியற்காலைக் குளிருக்காக ஏற்றிய சூடு, பத்து மணிக்குத் தெற்கு ஜன்னல் வழியே வெயில் வந்த பிறகும் வெளிவந்துகொண்டே இருக்கும். புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்தால், காசு கொடுத்து வாங்கிய வெப்பம் தெருவுக்குப் போகும். ஆகவே தெற்கு அறைகளுக்குத் தனிக் குழாய் வரிசையும், வெளிக்குளிர் குறையக் குறைய நீரின் சூட்டைத் தானே குறைக்கும் கட்டுப்பாட்டுக் கருவியும் வேண்டும். தரையில் தடித்த கம்பளம் விரிக்கக் கூடாது. ஓடு பதிப்பதே நல்லது.

மூன்றில் மிகக் குறைந்த விலைப்புள்ளியை வரி வரியாகப் படித்தேன். தளத்துக்கு அடியிலும் ஓரங்களிலும் வைக்க வேண்டிய வெப்பத்தடுப்புப் பலகையே அதில் இல்லை! நம் ஊர் தெர்மோகோல் இனம்தான், இன்னும் கெட்டியானது. அது இல்லாவிட்டால் குளிர்காலம் முழுக்க பூமிக்கு மொத்த விலையில் வெப்பம் விற்க வேண்டியதுதான். தளம் போட்ட பின் அதை அடியில் செருகவும் முடியாது.

பலகைக்கும் நல்ல ஜன்னல்களுக்கும் ஆகும் பணத்தை முதலில் அனுப்புகிறேன், வீடு எவ்வளவு வெப்பத்தை இழக்கும் என்று அறை அறையாகக் கணக்கெடுத்த பிறகு இயந்திரத்தின் அளவைப் பேசுவோம் என்று மாப்பிள்ளைக்கு எழுதிவிட்டேன். மூன்று பேரிடமும் அந்தக் கணக்கைக் கேட்டிருக்கிறார். இதுவரை ஒருவர்தான் கொடுத்திருக்கிறார். அவருடைய விலைதான் மூன்றிலும் அதிகம்.