பிழைச் செய்தியைப் படித்தோமா?

“ஏற மறுக்கிறதா? எல்லாவற்றையும் அழித்துவிட்டு லினக்ஸைப் புதிதாகப் போடு!”

நம் கணிப்பொறிக் கூடத்தில் அடிக்கடி ஒலிக்கும் அறிவுரை இது. சென்ற பருவத்தில் இதைக் கேட்டு நடந்த என் வகுப்புத் தோழி, இரண்டு மாதம் உழைத்து எழுதிய திட்டப்பணியை முழுவதும் இழந்தாள். நகல் எடுத்து வைக்காதது அவள் தவறுதான். ஆனால் அழிக்க வேண்டிய தேவையே அன்று இருக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

மென்பொருள் ஒன்றை நிறுவிக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றுவிட்டது. நடந்தது அவ்வளவே. டெபியன், உபுண்டு வகை லினக்ஸில் மென்பொருள்களைக் கொண்டுவந்து சேர்ப்பது ஏபிடி என்னும் பொதி மேலாளர். கல்யாண வீட்டுச் சமையற்காரரைப் போன்றது அது. சாம்பார் என்று சொன்னால் போதும், பருப்பும் புளியும் பெருங்காயமும் தானே கணக்கிட்டு வரவழைத்துக்கொள்ளும். வந்த பொதிகளைப் பிரித்து உரிய இடத்தில் வைப்பது டிபிகேஜி. அந்த வேலை பாதியில் நின்றுபோனால், அடுத்த முறை ஏபிடியை இயக்கும்போது, ‘டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’ என்ற கட்டளையை இடுமாறு திரையிலேயே எழுதிக் காட்டுகிறது. நோயும் மருந்தும் ஒரே வரியில்! அந்த வரியை நாங்கள் நால்வர் பார்த்தோம், ஒருவரும் படிக்கவில்லை.

‘பூட்டைப் பெற இயலவில்லை’ என்று வந்தாலும் இதே கதைதான். பின்னணியில் வேறொரு புதுப்பிப்பு நடந்துகொண்டிருக்கும். பெரும்பாலும் சற்றுப் பொறுத்தால் போதும். நம்மவரோ பூட்டுக் கோப்பையே அழித்துவிடுகின்றனர். ஒரே பேரேட்டில் இருவர் ஒரே நேரத்தில் எழுதினால் கணக்கு என்னவாகும்?

அனுபவசாலிகளும் தப்புவதில்லை. கனடாவின் புகழ்பெற்ற யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் 2021-இல் பாப் ஓஎஸ் என்னும் லினக்ஸில் ஸ்டீம் மென்பொருளை நிறுவ முயன்றார். இன்றியமையாத பொதிகள் நீக்கப்படும் என்று ஏபிடி எச்சரித்தது. தொடர வேண்டுமானால் “ஆம், நான் சொல்வதைச் செய்” என ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யக் கேட்டது. அவரும் செய்தார். திரையின் முகப்பே போய்விட்டது! மூலக்குறை பொதிகளில் இருந்தது என்பது உண்மை. நீண்ட பட்டியலுக்குள் எச்சரிக்கையைப் புதைத்ததும் சரியன்று. பின்னர் ஏபிடியிலும் இம்முறையை மாற்றினார்கள். ஆயினும் எச்சரிக்கை அங்கே இருந்ததன்றோ!

“ஆங்கிலத்தில் அல்லவா வருகிறது?” என்று தமிழ்வழியில் படித்துவந்த நண்பர்கள் கேட்கலாம். நானும் அவ்வழி வந்தவன்தான். அச்செய்திகளில் திரும்பத் திரும்ப வருபவை ஐம்பது சொற்கள்கூட இரா. எங்களைத் தடுப்பது ஆங்கிலமன்று. சிவப்பு எழுத்தைக் கண்டதும் தேர்வில் தோற்றதுபோல் எழும் அச்சம்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். செய்முறைத் தேர்வில் எப்போதும் நன்றாக இயங்கும் கணிப்பொறியையே தருகிறீர்கள். ஒருமுறை, நிறுவல் பாதியில் நின்றுபோன கணிப்பொறியைத் தந்து, பத்து மதிப்பெண் ஒதுக்குங்கள். எனக்குப் பத்தும் கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்லமாட்டேன்.