பெயர் தெரியாமல் பார்த்த படங்கள்



என் தகப்பனார் வேலைக்காகக் குப்பம் வந்து குடியேறியவர். அந்நாளில் எங்களுக்கு டூரிங் டாக்கீஸ்தான் திருவிழா. எம்.ஜி.ஆர். படமானாலும் என்.டி.ஆர். படமானாலும் முதலில் அரசாங்கத்தின் நியூஸ் ரீல் ஓடும். எப்போது முடியும் என்று விசிலடிப்போம். என்றைக்காவது அந்த இடத்தில் கார்ட்டூன் வந்துவிட்டால் தரை டிக்கெட் முழுவதும் அடங்கிவிடும். வரைந்தவர் யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் தேடிப் படித்தேன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ராம் மோகன், 1956-ல் பம்பாய் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தார். அங்கே பயிற்சி அளித்தவர் கிளேர் வீக்ஸ். டிஸ்னியின் 'பாம்பி' மான்குட்டிப் படத்தில் வேலை செய்தவர். புத்த ஜாதகக் கதையான 'ஆலமர மான்' அந்தப் பிரிவில் உருவான படம்.

நான் ரயில்வேயில் வரைபடங்களோடு காலம் கழித்தவன். சினிமாவில் வினாடிக்கு 24 சட்டங்கள். இரண்டு சட்டத்துக்கு ஒரு படம் என்று சிக்கனம் பிடித்தாலும் நிமிடத்துக்கு 720 படங்கள் வேண்டும். அத்தனையும் கையால் வரைந்தவை! எங்கள் பால வரைபடத்தின் மூலையில் வரைந்தவர், சரிபார்த்தவர் கையெழுத்து இருக்கும். இவர்கள் பெயரை நாம் படிக்கக்கூட இல்லையே என்று வெட்கமாக இருந்தது.

பெயர் மறந்தால் படமும் போய்விடும். தாதாசாகேப் பால்கே 1915-ல் தீக்குச்சிகளை நகர்த்தி நகர்த்தி ஒரு படம் எடுத்தார். இன்று அதன் பிரதி இல்லை.

"இந்தக் காலத்துப் பிள்ளைகள் இதையெல்லாம் பார்ப்பார்களா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். என் பேரனுக்கு 'ஆலமர மான்' காட்டினேன். "ஏன் தாத்தா மெதுவா ஓடுது?" என்றான். சினை மானுக்குப் பதிலாக மான் அரசன் தன் உயிரைக் கொடுக்க முன்வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டான். "ராஜா வெட்டிடுவாரா?" என்றான். முடியும்வரை பதில் சொல்லவில்லை நான்.

ராம் மோகன் 2019-ல் காலமானார். ஜப்பானியர் யூகோ சாக்கோவுடன் அவர் உழைத்த ராமாயணக் கார்ட்டூன் படம் 1992-ல் முடிந்தது. 2025-ல் தமிழ்க் குரலோடும் திரையரங்குகளுக்கு வந்தது. பிள்ளைகளோடு பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

வெளியூரில் வாழும் நாம் பிள்ளைகளுக்கு ஊர்க் கதை சொல்ல வேண்டும் என்று அடிக்கடி பேசுகிறோம். அடுத்த பொங்கல் விழாவில் பாட்டுக் கச்சேரிக்கு முன் இப்படிப்பட்ட ஒரு படத்தைப் போடலாம் என்பது என் தாழ்மையான யோசனை. திரையில் பெயர்கள் வரும்போது ஒரு பிள்ளை எழுந்து அவற்றை உரக்கப் படிக்கட்டும். அதுவரை யாரும் விசிலடிக்க வேண்டாம்.