தறியில மறுபடியும் உட்கார வைக்கிறது யார் வேலை? ஐயம்பேட்டையில கேட்க வேண்டிய கேள்வி

'ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்'னா யாருன்னு கேட்டா, "பிசியோ மாதிரிதானே?"ன்னு சொல்லிட்டு அடுத்த ரீலுக்குப் போயிடுவோம். இல்லைன்னா, ஆட்டிசம் இருக்கிற குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவங்கன்னு நினைப்போம். ரெண்டுமே முழுப் பதில் இல்லை. அவங்க உண்மையில என்ன செய்யறாங்கன்னு புரிஞ்சுக்க, காஞ்சிபுரத்துல இருந்து வாலாஜாபாத் போற வழியில இருக்கிற நெசவு ஊரான ஐயம்பேட்டையைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

ஏன்னு கேட்கிறீங்களா? குழித்தறியில உட்கார்ந்து நெய்யறதைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். இடுப்பு தரை மட்டத்துல இருக்கும், காலு ரெண்டும் குழிக்குள்ள மிதிக்கட்டையை மிதிக்கும். ஒரு கை நாடாவை ஓட்டும், இன்னொரு கை பலகையை இழுத்து அடிக்கும். கண்ணு அறுந்த இழையைத் தேடிக்கிட்டே இருக்கும். கோர்வைப் புடவைன்னா இன்னும் கஷ்டம். உடம்புக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம்ங்கிறதால மூணு நாடா ஓடணும், பக்கத்துல துணைக்கு ஒரு ஆளும் வேணும். ஒரு புடவை முடிய பத்து நாளோ இருபது நாளோ ஆகும். கூலி முடிச்ச புடவைக்குத்தான்.

இப்படி நெய்யற ஒருத்தருக்கு 50 வயசுல பக்கவாதம் வந்து வலது கை விழுந்துடுச்சுன்னு வெச்சுக்கோங்க. 108-ஐக் கூப்பிட்டு, நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போய், உயிர் தப்பியாச்சு. பி.பி மாத்திரை எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பிசியோதெரபி ஆரம்பிக்குது. ரெண்டு மூணு மாசத்துல மனுஷன் குச்சி ஊன்றி நடக்கிறார். சொந்தக்காரங்க எல்லாரும் "பரவாயில்லையே, தேறிட்டாரே"ன்னு சொல்றாங்க.

ஆனா அவரால கைலியை இறுக்கிக் கட்ட முடியலை. சாதத்தைப் பிசைஞ்சு வாய்க்குக் கொண்டுபோக முடியலை. கழிவறையில உட்கார்ந்தா எழுந்திருக்க முடியலை. தறி மூணு மாசமா சும்மா கிடக்குது. இந்த இடத்துலதான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டோட வேலை ஆரம்பிக்குது. சரியாச் சொன்னா, ஆஸ்பத்திரி கட்டில்லயே ஆரம்பிச்சிருக்கணும்.

பிசியோதெரபிஸ்ட்டோட முக்கியக் கவலை தசையோட பலம், மூட்டோட அசைவு, நடை. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கேட்கிற கேள்வி வேற: "காலையில எழுந்ததுல இருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் நீங்க செஞ்சுக்கிட்டிருந்த வேலைகள்ல எது எது இப்போ முடியலை?" 'ஆக்குபேஷன்'னா சம்பளம் வாங்கற வேலை மட்டும் இல்லை. பல் தேய்க்கிறது, சட்டை போடறது, சமைக்கிறது, போன்ல மெசேஜ் அனுப்பறது, கோயிலுக்குப் போறது எல்லாமே அதுல சேர்த்தி. தமிழ்ல தொழில்முறை சிகிச்சை, செயல்முறை சிகிச்சைன்னு ஆளுக்கொரு பேர் சொல்றாங்க. எனக்கு ரெண்டாவதுதான் சரின்னு படுது. முதல் பேரைக் கேட்டா ஏதோ தொழிற்சாலை விஷயம் மாதிரி இருக்கு.

ஒரு சின்ன உதாரணம். ஒரு கை செயலிழந்தவர் சட்டை போடும்போது, செயலிழந்த கையை முதல்ல சட்டைக்குள்ள விடணும். கழட்டும்போது அந்தக் கையைக் கடைசியா எடுக்கணும். இவ்வளவுதான். ஆனா இதைச் சொல்லித்தர ஆள் இல்லாததால, வருஷக்கணக்கா மனைவியோ மகளோ சட்டை மாட்டிவிடற வீடுகள் இருக்கு. ஸ்பூன் பிடி மேல துணியைச் சுத்தித் தடிமனாக்கினா விரல் மடங்காதவரும் தானே சாப்பிடலாம். கழிவறைச் சுவர்ல சரியான உயரத்துல ஒரு கம்பி பதிச்சா, கூட ஒரு ஆள் போக வேண்டியதில்லை. கேட்க ரொம்பச் சாதாரணமா இருக்கும். அந்தக் கம்பி எந்த உயரத்துல, எந்தப் பக்கம் இருக்கணும்னு சரியாச் சொல்றதுக்குத்தான் அவங்க வருஷக்கணக்கா படிக்கிறாங்க. உடற்கூறியல், நரம்பியல், மனநலம் எல்லாம் அந்தப் படிப்புல உண்டு.

சரி, தறிக்கு வருவோம். நெய்யறதுங்கிற ஒரே வேலையை அவங்க பத்துப் பதினைஞ்சு துண்டா உடைப்பாங்க. குழி ஓரத்துல விழாம உட்கார முடியுதா? காலை உள்ளே இறக்க முடியுதா? மிதிச்ச காலை மறுபடி தூக்க முடியுதா? அறுந்த இழையை முடிச்சுப்போட விரல் நுனி ஒத்துழைக்குதா? எது முடியலையோ, அதுக்கு மட்டும் தனிப் பயிற்சி. முதல்ல ராட்டையில தார் சுத்தறது, அப்புறம் தறியில அரை மணி நேரம், அப்புறம் ஒரு மணி நேரம்னு படிப்படியா ஏத்துவாங்க. கோர்வை இனிமே சாத்தியமே இல்லைன்னா, அதை மறைக்காம சொல்லி, கரை இல்லாத எளிய நெசவுக்கோ பாவு வேலைக்கோ மாத்துறதும் அவங்க பொறுப்புதான்.

நோய் வர்ற வரைக்கும் காத்திருக்கவும் தேவையில்லை. நாள் முழுக்க முதுகை வளைச்சு உட்கார்றவங்களுக்கு இடுப்பு, தோள், மணிக்கட்டு வலி வர்றது ஊருக்கே தெரிஞ்ச விஷயம். உட்கார்ற பலகையோட உயரம், விளக்கு எந்தப் பக்கம் இருக்கு, எத்தனை நேரத்துக்கு ஒருமுறை எழுந்திருக்கணும்னு பார்த்துச் சொல்றது, மணிக்கட்டு நரம்பு அழுந்தினா ராத்திரியில போட்டுக்க அளவெடுத்து ஸ்பிளின்ட் செஞ்சு தர்றது இதெல்லாம் அவங்க வேலைதான். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவுல சுமார் 35 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள் இருக்காங்க. அதுல 70 சதவிகிதத்துக்கு மேல பெண்கள். தறியை விட்டு எழுந்தா அடுத்து அடுப்படிங்கிறவங்களுக்கு, மணிக்கட்டுக்கு எப்போ ஓய்வு?

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. 1917-ல அமெரிக்காவுல ஆக்குபேஷனல் தெரபிக்குன்னு முதல் சங்கம் ஆரம்பிச்சாங்க. முதல் உலகப்போர்ல காயம்பட்டு வந்த வீரர்களுக்கு அந்தக் காலத்துல கொடுத்த சிகிச்சைகள்ல முக்கியமானது எது தெரியுமா? நெசவு! கை, கால், கண்ணு, மனசு நாலும் ஒண்ணா வேலை செய்யணும்ங்கிறதால ஆஸ்பத்திரிக்குள்ளயே தறி வெச்சிருந்தாங்க. தறியையே மருந்தா வெச்சுத் தொடங்கின துறை, தறி ஓடுற ஊர்ல இன்னிக்கும் பேர் சொன்னா புரியாத துறையா இருக்கு.

இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவுல பிறந்து, இந்தியரைக் கல்யாணம் பண்ணி இங்கேயே தங்கிட்டவர். 1950-ல மும்பை கே.இ.எம் மருத்துவமனையில முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். நம்ம பக்கத்துல வேலூர் சி.எம்.சி-யோட கதை அதைவிடப் பெருசு. தொழுநோயால மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையில நிமிர்த்தின டாக்டர் பால் பிராண்ட், கை சரியானா மட்டும் போதாதுன்னு சீக்கிரமே புரிஞ்சுக்கிட்டார். விரல் நிமிர்ந்த பிறகு பிச்சைகூடக் கிடைக்கலை, வேலையும் யாரும் கொடுக்கலைன்னு நோயாளிகள் திரும்பி வந்தாங்க. அதனால கைத்தொழில் கத்துக்கொடுக்கத் தனியா ஒரு மையமே உருவாச்சு. அதே வேலூர்ல, 1954-ல நடந்த விபத்துல இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில இருந்துக்கிட்டே அறுவை சிகிச்சை செஞ்சார். பிறகு 1966-ல அங்கே மறுவாழ்வு மையம் உருவாகவும் காரணமா இருந்தார். வழி காட்டினவங்க நம்மகிட்டயே இருந்திருக்காங்க.

அப்புறம் எங்கே தடைபட்டுச்சு? என் பார்வையில, நம்ம சுகாதாரத் திட்டங்கள் எதை எண்ணுதுங்கிறதுலதான். 2021 ஆகஸ்ட்டுல தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல வீட்டுக்கே மாத்திரை வருது, பிசியோதெரபி வருது, நோய்த்தணிப்புச் சிகிச்சையும் வருது. உண்மையிலேயே பெரிய விஷயம், குறை சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் படி ஏறின பிறகு, நடக்க ஆரம்பிச்ச நெசவாளர் திரும்ப வேலைக்குப் போனாரா, தானே குளிக்கிறாராங்கிறது அடுத்த கேள்வி. அதையும் எண்ணினாத்தான் அதுக்கு ஆள் போடுவாங்க. மாற்றுத்திறனாளிச் சான்றிதழும் இப்படித்தான். 2016 சட்டப்படி பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவிகிதப் பாதிப்பு இருக்கணும். உடம்பு எவ்வளவு போச்சுன்னு அந்த எண் சொல்லும். மிச்சம் இருக்கிறதை வெச்சு என்ன செய்யலாம்னு சொல்லாது.

மாற்றம் வராமலும் இல்லை. தமிழ்நாடு உரிமைகள் திட்டத்துல 'விழுதுகள்'ங்கிற பேர்ல ஒருங்கிணைந்த சேவை மையங்கள் வந்துக்கிட்டிருக்கு. பல தெரபிகளும் ஒரே கூரையின் கீழே கிடைக்கணும்ங்கிறதுதான் நோக்கம். (தறியில பாவு இழையைத் தூக்கி இறக்கற கண்ணிகளுக்கும் விழுதுன்னுதான் பேர். ஐயம்பேட்டைக்காரங்களுக்கு மறக்கவே மறக்காது.) எனக்கு ஒரு ஆசை உண்டு. நெசவாளர்கள் அதிகமா இருக்கிற ஊர்கள்ல வாரத்துல ஒரு நாள், ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கூட்டுறவுச் சங்கக் கட்டடத்துலயே உட்காரட்டும். அங்கேருந்து தறி இருக்கிற வீடு நாலு தெருதான். ஆஸ்பத்திரி அறையில உட்கார்ந்து குழித்தறியைக் கற்பனை பண்ண முடியாது.

இன்னொரு பக்கம், போலிகள். ஆட்டிசம், கவனக்குறைவுன்னு பயந்துபோய் வர்ற பெற்றோர்கிட்ட மூணு மாச சர்டிஃபிகேட்டைக் காட்டி 'தெரபி' நடத்தறவங்க இருக்காங்க. 2021-ல நாடாளுமன்றம் நிறைவேத்தின தேசியத் துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் இதுக்குத்தான். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் உட்பட 56 வகைத் தொழில்களுக்குப் பதிவு, படிப்புத் தரம் எல்லாம் அதுல உண்டு. மாநிலங்கள் இழுத்தடிச்சதால 2024 ஆகஸ்ட்டுல உச்ச நீதிமன்றமே ரெண்டு மாசம் கெடு விதிக்க வேண்டி வந்துச்சு. பதிவேடு முழுசா வேலை செய்யற வரைக்கும், சோதிக்கிற பொறுப்பு நம்ம தலையிலதான்.

அதனால உங்க வீட்டுல யாராவது பக்கவாதம், முதுகுத்தண்டு அடி, கை அறுவை சிகிச்சைன்னு ஆஸ்பத்திரியில இருந்தா, டிஸ்சார்ஜ் ஆகறதுக்கு முன்னாடி "ஓ.டி-க்கு ரெஃபர் பண்ணுவீங்களா?"ன்னு டாக்டர்கிட்ட நேராக் கேளுங்க. ஆபரேஷன் தியேட்டரையும் ஓ.டி-ன்னுதான் சொல்வாங்க, அதனால முழுப் பேரையும் சொல்லிடுங்க. தெரபிஸ்ட்கிட்ட பி.ஓ.டி அல்லது எம்.ஓ.டி பட்டம் இருக்கான்னு பாருங்க. போகும்போது கழிவறை, படுக்கை, வாசப்படி, வேலை செய்யற இடம் நாலையும் போன்ல வீடியோ எடுத்துட்டுப் போங்க. தறி இருக்கிற வீடுன்னா, குழியோட ஆழத்தையும் அளந்து குறிச்சுக்கோங்க.