அம்மாவுக்கு சுகர்னா தொப்புள்கொடியை உடனே வெட்டணுமா?

குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடியை வெட்ட குறைந்தது 1 நிமிடம் பொறுக்கணும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நஞ்சுக்கொடியில் மிச்சமிருக்கும் ரத்தம் அதற்குள் குழந்தைக்குப் போய், இரும்புச்சத்து இருப்பைக் கூட்டும்.

ஆனால், தாய்க்கு சுகர் என்றால் சில டாக்டர்கள் தயங்குகிறார்கள். இந்தக் குழந்தைகளுக்கு ஏற்கெனவே சிவப்பணுக்கள் அதிகம் இருக்கலாம். இன்னும் கூடினால் மஞ்சள் காமாலை வருமோ என்ற பயம்.

பயம் நியாயமானதுதான். ஆனால், சுகர் கட்டுக்குள் இல்லாத தாயின் குழந்தைக்கு, மூளை வளர்ச்சிக்குத் தேவையான இரும்புச்சத்து இருப்பும் குறைவாக இருக்கலாம். காமாலையை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து, ஒளி சிகிச்சையில் சரிசெய்யலாம்.

தாயும் சேயும் நலமாக இருக்கும்போது, சுகரை மட்டுமே காரணம் காட்டி அவசரப்படுவது சரியல்ல. பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் இதைக் கேட்டு வைங்க.