கறள் பிடிக்கும் ‘அசல்’ எதற்கு?

ஓகஸ்ட் திருவிழாவுக்காகத் தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்திற்குச் சென்றிருந்தபோது, அயலிலுள்ள தென்னந்தோட்டம் ஒன்றில் நீண்டகால நண்பர் ஒருவரைச் சந்தித்தேன். இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப் ஒன்றைப் பல வருடங்களாகப் பழுதுபார்த்துப் புதுப்பித்து வருபவர் அவர். எஞ்சின் உயிர்பெற்றுவிட்டது. புகைக்குழாய் மாத்திரமே எஞ்சியிருந்தது.

“சாதாரண உருக்குக் குழாய்தான் போடப்போகிறேன். அன்று தொழிற்சாலையில் போட்டது அதுதானே! அசல் அசலாகவே இருக்கவேண்டும்” என்றார். திருவிழா நாளில் வாக்குவாதம் எதற்கென்று மௌனமாக இருந்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

அந்த ஜீப்பின் அசல் மின்சாரம் 6 வோல்ற். நண்பர் அதை 12 வோல்றாக மாற்றிவிட்டார். அக்காலப் பிறேக் பட்டைகளில் அஸ்பெஸ்டஸ் இருந்தது. அதைத் தேடி எவரும் அலைவதில்லை. வசதிக்காக எத்தனையோ மாற்றங்களைச் செய்துவிட்டு, பணம் அதிகமாகத் தேவைப்படும் இடத்தில் மாத்திரம் ‘அசல்’ என்ற கொடியைத் தூக்குவதை எப்படி ஏற்றுக்கொள்வது?

ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகிறது. நீண்டதூரம் ஓடினால் அது ஆவியாக வெளியேறும். ஆனால், சேகரிப்பாளர்களின் வாகனங்கள் ஓடுவதோ கிழமைக்கு ஒருமுறை, ஓரிரு மைல்கள். குழாய் சூடேறுவதற்கு முன்பே எஞ்சின் நிறுத்தப்படுகிறது. அமிலம் கலந்த ஈரம் உள்ளே தேங்குகிறது. வெளியிலோ, ஒரு புறம் கடலும் மறு புறம் புத்தளம் களப்புமாகக் கிடக்கும் கற்பிட்டித் தீபகற்பத்தின் உப்புக்காற்று. உள்ளும் புறமும் கறள் தின்னும் குழாய் எத்தனை காலம் தாங்கும்?

ஓட்டை விழுந்தால் போவது குழாய் மாத்திரமல்ல. புகையிலுள்ள காபனோரொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தரைத்தகட்டின் இடுக்குகளால் அது மேலேறும். கன்வஸ் கூரையைப் போட்டுவிட்டால் உள்ளேயே தங்கும். பின் ஆசனத்தில் ஏறப்போகிறவர்கள் நண்பரின் பேரப்பிள்ளைகள்!

இன்னொரு சாரார், 304 ரகத் துருப்பிடிக்காத உருக்கைக் கண்ணாடிபோல மினுக்கிப் பூட்டிவிட்டு, “இனி ஆயுளுக்கும் கவலையில்லை” என்று மார்தட்டுகிறார்கள். அதுவும் மிகைப்பேச்சே. 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் கொண்ட அந்த உலோகத்தையும் கடலோர உப்பு குத்திக் குழி பறிக்கும். மொலிப்டினம் சேர்ந்த 316 கூடுதலாகத் தாங்கும், விலையும் கூடுதல். அலுமினியப் பூச்சுள்ள உருக்கு மலிவுதான். ஆனால் வெல்டிங் செய்த இடத்தில் பூச்சு எரிந்துபோக, கறள் அங்கிருந்தே ஆரம்பிக்கும். தண்ணீர்க் குழாய்க்கான நாகப்பூச்சு இரும்பை வெட்டி ஒட்டும் கராஜ்களும் உண்டு. அதிலிருந்து எழும் நாகப் புகை, வெல்டிங் செய்யும் தொழிலாளியைக் காய்ச்சலில் படுக்கவைக்கும்.

‘அசல்’ பேசுவோர் வரலாற்றையாவது ஒழுங்காகப் படிக்கவேண்டும். 1944இல் நோர்மண்டிக் கரையில் இறங்கிய ஜீப்கள் பலவற்றில், கடல்நீர் புகாதிருக்கப் புகைக்குழாயை நீட்டி மேலே உயர்த்தியிருந்தார்கள். அதே போர்க்காலத்தில், புத்தளத்திலிருந்த பிரித்தானியக் கடற்படை விமானத்தளத்தில் விமானங்களை இழுக்க யானைகளைப் பயன்படுத்தினார்கள். தேவைக்கேற்ப மாற்றிக்கொள்வதே இராணுவத்தின் அசல் மரபு. புகைக்குழாய் அவர்களுக்குத் தேய்ந்ததும் கழற்றி எறியும் பொருள், பூசைக்குரிய திருப்பண்டமல்ல.

ஓடாமல் அருங்காட்சியகத்தில் நிற்கும் ஜீப்புக்குச் சாதாரண உருக்கே பொருத்தம். அதில் எனக்கு மறுப்பில்லை. தலவிலக் கரையில் ஓடப்போகும் ஜீப்புக்கு 316. கைக்கு எட்டாவிட்டால் 304. வடிவமும் பாதையும் பழையபடியே இருக்கட்டும். மினுக்காமல், வெப்பந்தாங்கும் மங்கல் வர்ணம் பூசலாம். இந்த உலோகம் சூட்டில் சாதாரண உருக்கைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரியும்; ஆகவே தாங்கிகளை இறுக்கிவிடாமல் இடம் விடவேண்டும். மாற்றியதை வாகனத்தின் குறிப்பேட்டில் திகதியுடன் எழுதிவைக்கவேண்டும். பத்திரிகையில் திருத்தம் வெளியிடுவது போன்றதே இதுவும்: மாற்றுவது குற்றமல்ல, மாற்றியதை மறைப்பதே குற்றம்.

நண்பர் எனது எழுத்துக்களைத் தவறாமல் வாசிப்பவர். குழாயை இன்னும் வாங்கவில்லை என்று கேள்வி. அவரது மறுப்பையும் இங்கேயே முழுமையாகப் பிரசுரிப்பேன்.