முனை எங்கே நிற்கிறது?

சின்னக் கார்கள் பலவற்றில் இப்போது டெம்பரேச்சர் ஊசியே கிடையாது. இன்ஜின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு. இடையில் நடப்பது எதுவும் ஓட்டுபவருக்குத் தெரியாது. ஊசி இருக்கிற கார்களிலும், 80 டிகிரிக்கும் 100-க்கும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும்படிதான் பெரும்பாலும் அமைத்திருக்கிறார்கள். ஊசி லேசாக அசைந்தாலே வாடிக்கையாளர் பயந்துபோய் வந்துவிடுவார் அல்லவா! ஆகவே, ஒரு தடவை ஹெட் கேஸ்கெட் போய்க் கைச்செலவு பார்த்தவர், தனியாக ஒரு மீட்டர் மாட்டித் தரச் சொல்லி நம் பட்டறைக்கு வருவதில் முழு நியாயம் உண்டு. நாம் மாட்டித் தரும் விதம்தான் கவலையாக இருக்கிறது.

வருபவர் மீட்டரின் முகத்தைப் பார்த்து வாங்கி வருகிறார். 52 மில்லிமீட்டரா 60-ஆ, வெளிச்சம் வெள்ளையா சிவப்பா என்பதுதான் அவருக்குப் பேச்சு. நாமும் அதை டேஷ்போர்டில் எங்கே உட்கார வைப்பது என்பதிலேயே பாதி நேரத்தைக் கழிக்கிறோம். சென்சாருக்கு வந்தால் மட்டும் யோசனையே இல்லை: மேல் ஹோஸை வெட்டு, அலுமினிய அடாப்டரைச் செருகு, இரண்டு கிளாம்ப் போடு, வண்டியை வெளியே எடு.

தெர்மோஸ்டாட் 82 அல்லது 88 டிகிரியில்தான் திறக்கத் தொடங்கும். அதுவரை ரேடியேட்டர் ஹோஸில் ஓட்டம் இல்லை. தெர்மோஸ்டாட் ஹெட்டின் வாயிலேயே இருக்கிற இன்ஜினில், உள்ளே 80 டிகிரி இருக்கும்போது மேல் ஹோஸில் இருக்கும் மீட்டர் 50 காட்டும். கீழ் ஹோஸ் பக்கம் தெர்மோஸ்டாட் இருந்தால் ஓரளவு சூடு தெரியும், அவ்வளவுதான். இதெல்லாம் காலையில் ஐந்து நிமிடத் தொல்லை என்று விட்டுவிடலாம். தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கிக்கொண்டால்? ஹெட் வெந்துகொண்டிருக்கும், மீட்டரோ எல்லாம் சுகம் என்று சொல்லும். எந்தக் கோளாறைப் பிடிக்க மாட்டினோமோ அதையே மறைத்துவிடும். ஹெட்டிலிருந்து தண்ணீர் வெளியேறும் இடத்தில், தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால், அடைப்பு போட்ட காலி துளை ஏதாவது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் ஹீட்டருக்குப் போகும் ஹோஸ். ஹீட்டர் வால்வு இல்லாத வண்டிகளில் அதில் எப்போதும் ஓட்டம் இருக்கும்.

நல்ல இடத்தில் வைத்தாலும் தண்ணீர் இருந்தால்தான் சென்சார் பேசும். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது ஹோஸ் வெடித்துக் கூலன்ட் முழுவதும் போய்விட்டால், முனை வெறும் காற்றில் நிற்கும். ஊசி ஏறுவதற்குப் பதில் இறங்கும். மலைக்குப் போகிற வண்டிக்கு லெவல் அலாரமோ, உலோகத்தின் சூட்டைப் பார்க்கிற ரிங் சென்சாரோ கூடவே வைப்பது நல்லது. ரிங்கை ஹெட்டில் இருக்கிற ஏதாவது பிராக்கெட் போல்ட்டில் மாட்டுங்கள். அதற்காக ஹெட் போல்ட்டைத் தளர்த்த வேண்டாம்.

அடுத்தது எர்த். ஒற்றை ஒயர் சென்சாருக்கு அதன் உடம்புதான் எர்த். அடாப்டரோ இரண்டு பக்கமும் ரப்பருக்கு நடுவே தொங்குகிறது. அதிலிருந்து இன்ஜினுக்குத் தனி எர்த் ஒயர் இழுக்காமல் விட்டால் ஊசி எழும்பாது. பெயின்ட்டைச் சுரண்டாமல் இழுத்தால் அது இன்னும் மோசம், ஏனென்றால் ஊசி எழும்பும், பொய் சொல்லும். பரவலாகக் கிடைக்கும் விடிஓ வகை 120 டிகிரி சென்சாரின் தடை 90 டிகிரியில் சுமார் 51 ஓம், 100 டிகிரியில் சுமார் 38 ஓம். துருவிலும் பெயின்ட்டிலும் 13 ஓம் கூடிப்போனால் நூறு டிகிரி தொண்ணூறாகத் தெரியும். பிழை எப்போதும் குறைவாகக் காட்டும் பக்கமே சாயும். ஹெட்லைட் போட்டதும் ஊசி நகர்கிறது என்றால் மீட்டரைச் சந்தேகிக்காதீர்கள், எர்த்தைப் பாருங்கள். மரையில் டெஃப்லான் டேப்பை வளைத்து வளைத்துச் சுற்றுவதும் இதே கெடுதலைச் செய்யலாம்.

மரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1/8 என்பிடியில் அங்குலத்துக்கு 27 மரை; ஜப்பானிய மீட்டர்களோடு வரும் 1/8 பிடியில் 28. கையால் திருகினால் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று ஏறும். ஸ்பானர் போட்ட பிறகுதான் அடாப்டர் விரியும், அல்லது ஒரு மாதம் கழித்துக் கசியும்.

இசியு சென்சாரின் ஒயரிலிருந்தே மீட்டருக்கு ஒரு கிளை எடுப்பவர்களும் நம்மில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அந்த ஒயரில் 5 வோல்ட்டை வைத்துத்தான் இசியு கணக்குப் போடுகிறது. மீட்டர் அதில் தொற்றினால் அந்தக் கணக்கு மாறும். பெட்ரோல் அளவும் ஃபேன் ஓடும் நேரமும் கூடவே மாறும். இசியு பார்க்கிற அளவே வேண்டுமென்றால் ஓபிடி போர்ட்டில் மாட்டும் டிஸ்பிளே போதும். எண்ணாகவே வரும், ஹோஸை வெட்ட வேண்டியதில்லை. அந்த வசதி உள்ள வண்டிகளுக்கு அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், நம் வேலை ஒன்று குறைந்தாலும்.

மாட்டுவதற்கு முன் சென்சாரையும் மீட்டரையும் ஒயரால் இணைத்து, முனையைக் கொதிநீரில் நனைத்துப் பாருங்கள். சென்னையில் 100-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். ஊட்டியில் தண்ணீர் 93-க்குள்ளேயே கொதித்துவிடும். அங்கே 93 காட்டினால் சென்சார் சரி, தூக்கி எறிந்துவிடாதீர்கள். மாட்டி முடித்ததும் ஹீட்டரைத் திறந்து வைத்து, ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும் வரை காற்றை வெளியேற்றுங்கள். ஆறிய பிறகு லெவலைப் பாருங்கள்.

இத்தனையும் செய்ய அரை நாள் பிடிக்கும். அரை மணி நேரக் கூலிக்கு ஒப்புக்கொள்வதால்தான் எர்த் ஒயரும் கொதிநீர்ச் சோதனையும் காணாமல் போகின்றன. பில்லில் மீட்டர் விலை ஒரு வரி, சென்சார் பொருத்தும் கூலி தனி வரி என்று எழுதுங்கள். முனையை எங்கே வைத்தோம், ஃபேன் எந்த எண்ணில் ஓடியது என்பதையும் அதன் கீழேயே குறித்துக் கொடுங்கள். அடுத்து அந்த பேனட்டைத் திறப்பவர் நாமாக இல்லாமலும் இருக்கலாம்.