சின்ன வெற்றிகள் – க்ளார்க் ஆஷ்டன் ஸ்மித்தை முன்வைத்து

பேய்க்கதை எழுதறவன்னா நம்மாளுங்க கொஞ்சம் இளக்காரமாத்தான் பாப்பாங்க. கவிதை எழுதறவன்னா 'பாவம்'னு விட்டுடுவாங்க. ரெண்டையும் ஒருத்தரே எழுதினா? "காசுக்கு எழுதறதெல்லாம் இலக்கியமாய்யா?"ன்னு ஒரு கோஷ்டி. "நூறு பேர் படிக்கறதுக்கு எதுக்குய்யா புத்தகம்?"னு இன்னொரு கோஷ்டி. ரெண்டு கோஷ்டிக்கும் என்கிட்ட இருக்கற பதில் ஒரே ஆள்தான்: க்ளார்க் ஆஷ்டன் ஸ்மித்.

1893-ல கலிஃபோர்னியாவுல பிறந்தவர். ஆபர்ன்னு ஒரு சின்ன ஊருக்குப் பக்கத்துல, அப்பாவும் பிள்ளையுமா சேர்ந்து கட்டின மர வீட்லதான் வாழ்க்கையில பெரும்பகுதி போச்சு. ஆரம்பப் பள்ளியோட படிப்பு சரி. மிச்சமெல்லாம் அகராதியையும் கலைக்களஞ்சியத்தையும் வெச்சுக்கிட்டு தானே படிச்சதுதான். 1912-ல, பத்தொம்பது வயசுல, முதல் கவிதைத் தொகுப்பு வந்துச்சு. சான்ஃபிரான்சிஸ்கோ பத்திரிகைகள் அவரைக் கீட்ஸோட ஒப்பிட்டுக் கொண்டாடின.

சரி, இதுக்கப்புறம் மனுஷன் எங்கியோ போயிருப்பார்னுதானே நினைக்கறீங்க? அதான் இல்ல. பழம் பறிச்சார், விறகு வெட்டினார், சிமெண்ட் கலந்தார். 1922-ல அடுத்த பெரிய தொகுப்பை உள்ளூர்ப் பத்திரிகையோட அச்சகத்துல தானே போட்டார். 500 பிரதி. அச்சுக்கூலிக் கடனை அடைக்க அதே பத்திரிகையில பத்தி எழுதினார். 1925-ல இன்னொரு தொகுப்பு, 250 பிரதி.

அதே 1922-ல அவரோட கவிதைகள் தூரத்துல ஒருத்தர் கண்ல பட்டுச்சு. பாராட்டி ஒரு கடிதம் போட்டார். அவர் பேர் ஹெச்.பி. லவ்க்ராஃப்ட். 1937-ல லவ்க்ராஃப்ட் இறக்கற வரைக்கும் ரெண்டு பேரும் எழுதிக்கிட்டே இருந்தாங்க. ஒரு தடவைகூட நேர்ல பாத்துக்கிட்டதில்ல. எழுதினது சரியான ஆள்கிட்ட போய்ச் சேர்றது சின்ன விஷயமா என்ன?

இப்போ காசு விஷயத்துக்கு வர்றேன். கவிதை சோறு போடல. அப்பா அம்மாவுக்கு வயசாகி உடம்பும் முடியாமப் போச்சு. 1929-லேர்ந்து 1934 வரைக்கும் நூறுக்கு மேல கதை எழுதித் தள்ளினார். 'வியர்ட் டேல்ஸ்' மாதிரி மலிவு விலைப் பத்திரிகைகளுக்கு. கூலி ரொம்பக் கம்மி. அதுவும் எப்ப கைக்கு வரும்னு சொல்ல முடியாது. ஆனா அந்தப் பேய்க்கதைகள்லயும் கவிஞன் சொல் தேடறது தெரியும், வாக்கியம் தாளத்தோட நடக்கும். இன்னிக்கு உலகம் அவரைப் பெரும்பாலும் நினைவு வெச்சிருக்கறது அந்தக் கதைகளாலதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 1933-ல நடந்தது. பெரும்பாலும் விலைபோகாம நின்ன கதைகளா ஆறை எடுத்து ஒரு சின்னப் புத்தகமா தானே அச்சடிச்சார். 'தி டபுள் ஷேடோ'ன்னு தலைப்புல வரும். விலை 25 சென்ட். 1939-ல அதுலேர்ந்து மூணு கதையை 'வியர்ட் டேல்ஸ்' போட்டுச்சு!

இதைச் சொல்லிட்டு வறுமையைப் புகழ்ந்து பாடற வேலையைச் செய்ய மாட்டேன். பட்டினி கிடந்தா நல்ல எழுத்து வரும்ங்கறது வயிறு நிறைஞ்சவன் கட்டின கதை. 1935-ல அம்மா, 1937-ல அப்பா. அவங்க போனதுக்கப்புறம் அவர் எழுதின கதைகள் ரொம்பக் கம்மி. கையில கொஞ்சம் காசும் நிம்மதியும் இருந்திருந்தா இன்னும் என்னென்ன எழுதியிருப்பாரோ, யார் கண்டா?

என் கட்சி இதுதான். வீட்டு வேலை, ஆஸ்பத்திரி, கடன், இதெல்லாம் முடிஞ்சதும் உக்காந்து எழுதலாம்னு காத்திருந்தா எழுதவே முடியாது. ஸ்மித்துக்கு அந்த வேலைகளுக்கு நடுவுலதான் எழுத்து. சின்ன வெற்றிங்கறது பெரிய வெற்றிக்கான ஒத்திகையும் இல்ல. பல பேருக்கு அதுதான் மொத்த வெற்றியே. ஸ்மித் 1961-ல இறந்தார். ஊர் ஊராக் கடையில கிடைக்கற மாதிரி அவர் கதைகள் பேப்பர்பேக்கா வந்தது 1970-ல. அதைப் பாக்க அவர் இல்ல. அவர் கண்ணால பாத்ததெல்லாம் சின்னச் சின்னப் பதிப்புகள்தான்.

அதனால, யாராச்சும் கவிதைத் தொகுப்பு நூறு பிரதி போட்டிருக்கேன்னு சொன்னா "அவ்ளோதானா?"ன்னு கேக்காதீங்க மக்களே. ஒண்ணு காசு குடுத்து வாங்குங்க. படிச்சுட்டு ரெண்டு வரி எழுதிப் போடுங்க. லவ்க்ராஃப்ட் செஞ்சது அவ்ளோதான் :-)